ஜன்னலோர மேல் கட்டில்

மாலை மூன்று மணி ஐம்பது நிமிடம். செய்தி அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது இரண்டு காலணிகளின் அடிப்பாகத்தை. வலது காலணியில் சூயிங்கம் ஒட்டியிருந்தது. அவை என் மேசைமேல், முந்தின நாள் பக்கங்களின்மேல் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, எங்கள் புதிய நிர்வாக ஆசிரியர் இருந்தார்.

வளைகுடாவில் ஒருவருக்குக் காலணியின் அடியைக் காட்டினால் அது அவமதிப்பு என்பது, துபாயில் இறங்கிய எவருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இவர் மத்தியக் கிழக்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருந்தார். தெரிந்துகொள்ள நேரம் கிடைத்திருக்காது.

“நீதான் நாதனா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “உனக்கு இங்கே எல்லாரையும் தெரியும் என்றார்கள்.”

“மேசையைத் தெரியும்” என்றேன்.

சிரித்தார். கால்களை எடுக்கவில்லை.

அவரை வெஸ்லி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வாழ்க்கை நினைவுகள் இந்த ஆண்டு புத்தகமாக வந்திருக்கின்றன. ஷார்ஜாவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, பள்ளியில் புத்தக மதிப்புரை எழுத அதைத் தேர்ந்தெடுத்தாள். தாத்தா வேலை பார்த்த பத்திரிகை அதில் வருகிறது என்று என் மகன்தான் வாங்கிக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

“தாத்தா, வேர் யூ ஹிஸ் டிரைவர்?”

வாங்கிப் பார்த்தேன். துபாயில் தனக்கு ஓர் ஓட்டுநர் இருந்ததாகவும், மென்மையான தமிழர் என்றும், வண்டி ஓட்டும்போது பக்திப் பாடல் முணுமுணுப்பார் என்றும் வெஸ்லி எழுதியிருந்தார். நான் அந்தப் பத்திரிகையில் துணைத் தலைமை உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். காரும் என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது. முணுமுணுத்தது ஏசி, அதன் விசிறி எதிலோ உரசிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் கௌரவமான தொழில்தான். அதற்காக இதை எழுதவில்லை. பழைய டெஸ்க் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இளையவர்கள், “அவரிடம் வேலை பார்த்த நாட்களைப் பற்றி எழுதுங்கள் சார்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது அந்த டெஸ்க்கே இல்லை. பிழை திருத்த ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. அது மேசைமேல் கால் வைப்பதில்லை. அதற்காகவும் இல்லை. அதே புத்தகத்தில் இன்னொரு வரி இருக்கிறது. தன் நீண்ட தொழில் வாழ்க்கையில், தன்னிடம் பேசிய ஒருவருக்குக்கூடத் தன்னால் தீங்கு வந்ததில்லை என்கிறார். அந்த வரி உண்மை. நானே சான்று. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பயிற்சி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதுரையில் ஒரு மாலைப் பத்திரிகையில் பிழை திருத்தினேன். சென்னையில் ஓர் ஆங்கில நாளிதழின் டெஸ்க்கில் தலைப்பு எழுதினேன். துபாய்க்கு வந்து இரண்டையும் சேர்த்துச் செய்தேன். இந்த மூன்று வாக்கியங்களுக்குள் என் இளமை முழுவதும் இருக்கிறது. பிரித்துச் சொன்னாலும் இதற்கு மேல் எதுவும் வராது.

வெஸ்லியின் வாழ்க்கை இவ்வளவு சுருங்காது. முதல் வாரத்தில் அவரே சொன்னார்; பிறகு அவருடைய புத்தகங்களின் பின்னட்டைகள் சொல்லின. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். அப்பா ஆணி, சுத்தியல் விற்கும் கடை வைத்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் குறிப்பு எழுதித் தொடங்கி, பெரிய நகரத்துப் பத்திரிகைக்குப் போய், இரண்டு போர்களைப் பார்த்து, ஒரு பரிசு வாங்கி, நிலக்கரித் தூள் கலந்து செத்துப்போன ஓர் ஆற்றைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அந்தப் புத்தகம் நல்ல புத்தகம். அதை எழுதியவரும் எங்களிடம் வந்தவரும் ஒருவர்தானா என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும். அமெரிக்காவில் பத்திரிகைகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்த காலத்தில், சுதந்திர இதழியலை எங்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கடல் தாண்டி வந்தார். துபாயில் சம்பளத்துக்கு வரி இல்லை என்பது தற்செயல்.

அவருடைய முறை மூன்று பேனாக்கள். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு செய்தியையும் காகிதத்தில் எடுத்து அவரிடம் கொடுக்க வேண்டும். நிருபர் கண்ணால் பார்த்ததன் கீழே பச்சைக் கோடு. இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதற்கு நீலம். ஒருவர் மட்டும் சொன்னதற்குச் சிவப்பு. ஒரு பக்கத்தில் பச்சையைவிடச் சிவப்பு மிகுந்தால் செய்தி திரும்பிவிடும். நிருபரைக் கூப்பிட்டு நிற்க வைத்து, ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் விரலால் தொட்டு, “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பார். குரலை உயர்த்தமாட்டார். பதில் வரும்வரை அடுத்த கோட்டுக்கு விரல் போகாது. லக்னோவிலிருந்து வந்திருந்த ஒரு நிருபர், தான் பிறந்த தேதியைக்கூட இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வது என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

இரண்டாவது வாரத்தில் வெஸ்லி முதல் பக்கத்துக்கும் பேனாவை எடுத்தார். எங்கள் முதல் பக்கம் ஆட்சியாளர்களின் வரவேற்பு, வழியனுப்பு, வாழ்த்து ஆகியவற்றால் ஆனது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து தட்டச்சு செய்யப்பட்டே வரும். அவர் கோடு போட்டு முடித்தபோது பக்கம் குங்குமம் கொட்டியதுபோல இருந்தது. மேல் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. போனார், வந்தார். மறுநாள் புதிய விதி: வண்ணக் கோடுகள் மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கும்.

“கலாஸ், முடிஞ்சது” என்றார் என் பக்கத்து மேசை மலையாளி, தலையை நிமிர்த்தாமல். “இதழியல் மூணாம் பேஜ்ல ஸ்டார்ட் ஆகுது.”

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். அது நல்ல முறை. இன்றும் காலையில் பேப்பரை விரித்தால் என் மனம் தானாகக் கோடு போடுகிறது.

அவருடைய உண்மையான வேலை வேறு என்பது சீக்கிரம் தெரிந்தது. சீனாவில் அடைக்கப்படும் ஒரு பெட்டி, ஜெபல் அலி துறைமுகம் வழியாக உலகம் சுற்றி, ஓர் அமெரிக்க வீட்டின் வாசலில் இறங்கும்வரை பின்தொடர்ந்து ஒரு புத்தகம். பெட்டி கிடைத்துவிட்டது. கப்பலும் கிடைத்துவிட்டது. பெட்டியைக் கையால் இறக்கும் மனிதன் ஒருவன் வேண்டியிருந்தது.

எனக்கு அப்படி ஒருவனைத் தெரியும். பெயர் பழனிவேல், அரியலூர்ப் பக்கம். ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் கன்டெய்னர் இறக்கும் வேலை. எனக்கு அறிமுகமானது எங்கள் அலுவலக வரவேற்பறையில். தொழிலாளர் கேம்ப் கிரிக்கெட் போட்டியைப் பற்றி ஒரு படம் போட்டிருந்தோம். அந்த இதழின் பிரதி வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறையில் மூன்று பஸ் மாறி வந்திருந்தான்.

“படத்துல நீ எங்கேப்பா?”

“இந்தா சார், இது என் முழங்கை.”

அது முழங்கைதான். வேறு யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து மூன்று பிரதி கொடுத்தேன். அன்றிலிருந்து அவனுக்கு நான் ஆசிரியர் சார்.

வெஸ்லியிடம் பேச அவன் உடனே ஒப்புக்கொண்டான். பெயர் வராது என்று சொன்னபோது முகம் மாறியது.

“போட்டோ?”

“போட்டோவும் வராது.”

“பேரும் வராது, போட்டோவும் வராது. அப்புறம் நான் பேசி என்ன சார் பிரயோசனம்?”

வெஸ்லி என்னைப் பார்த்தார். “ஆபத்தைப் பற்றி யோசிக்கிறார்” என்று மொழிபெயர்த்தேன். ஆபத்து இருந்தது உண்மை. பேசியது தெரிந்தால் விசா ரத்தாகும். மறுபடி வர முடியாதபடி தடையும் விழலாம். அவனுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் கொடுத்தது துபாய் மாப்பிள்ளைக்கு. அரியலூர் மாப்பிள்ளைக்கு அல்ல. விசா போனால் கல்யாணமும் போகும்.

ஆகவே வெஸ்லி பாதுகாப்பு ஏற்பாடுகளில் இறங்கினார். சந்திப்பு ஓடும் காரில் மட்டும். கார் என்னுடைய பழைய கொரோலா. கைப்பேசிகள் மூன்றையும் அணைத்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, டிக்கியில் வைக்க வேண்டும். பழனிவேல் என்ற பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. இனி அவன் ராஜ். அமெரிக்கப் புத்தகங்களில் இந்தியத் தொழிலாளிகள் எல்லாருக்கும் ராஜ் என்றுதான் பெயர். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று வெஸ்லி அவனோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். நான் முன்னால் ஓட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து இருவருக்கும் மொழிபெயர்த்தேன். வரலாற்றில் எனக்குக் கிடைத்த பதவி அங்கேதான் தொடங்கியது.

“ஏன் சார், நம்ம என்ன தங்கமா கடத்துறோம்?” என்றான் பழனிவேல், பிஸ்கட் டப்பாவைப் பார்த்து.

அவன் சொன்ன விஷயம் இது. கோடையில் நடுப்பகலில் திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது நாட்டின் சட்டம். அவனுடைய கம்பெனி சட்டத்தை மதித்தது. வெளியே நின்றவர்களை அந்த நேரத்தில் கன்டெய்னருக்குள் அனுப்பியது. கன்டெய்னருக்குக் கூரை இருக்கிறது. ஆகவே அது திறந்தவெளி அல்ல. உள்ளே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் மயங்கி விழுந்தான். காலையில் சாப்பிடாமல் வந்ததால் மயக்கம் என்று சூப்பர்வைசர் எழுதிக்கொண்டார்.

“சாப்பிட்டான் சார். என் பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டான். நாலு இட்லி. ரத்தினம்னு பேரு, என் ரூம்காரன். அதுக்குத்தான் சார் நான் பேசறதே. அவன் பேசமாட்டான்.”

“ஏன் பேசமாட்டான்?” என்றார் வெஸ்லி.

“தம்பிக்கு இதே கம்பெனியில விசா கேட்டிருக்கான் சார். வாயத் தொறப்பானா? சும்மாவே தொறக்கமாட்டான். பதினோரு வருசமா ஜன்னல் பக்கத்து மேல் கட்டில். டீ குடிக்க மாட்டான், வெந்நீர்தான். படுத்துக்கிட்டே ஜன்னல் வழியா துறைமுகத்து கிரேனப் பாப்பான். என் கல்யாண ஃப்ளெக்ஸுக்கு ரூம்ல எல்லாரும் போட்டோ குடுத்துட்டாங்க. இவன் மட்டும், ‘நான் எதுக்குடா’ங்கறான்.”

ஃப்ளெக்ஸ் என்றால் என்ன என்று வெஸ்லி கேட்டார். திருமணத்தை ஒட்டி வைக்கும் ஒரு வகை அலங்காரம் என்றேன். துல்லியமான மொழிபெயர்ப்புதான், முழுமையானது என்று சொல்லமாட்டேன்.

பிறகு வெஸ்லி தன் புகழ்பெற்ற கேள்விக்கு வந்தார். “கன்டெய்னருக்குள் இருக்கும்போது அவன் உள்ளுக்குள் என்ன உணர்கிறான்?”

“வேர்க்கும் சார்.”

“வேர்வையைக் கேட்கவில்லை. உணர்வு.”

“உணர்வு என்னன்னு கேக்குறாரு.”

“ரொம்ப வேர்க்கும்னு சொல்லுங்க.”

அச்சில் அது ஒரு பத்தியாக வந்தது. இரும்பின் வயிற்றுக்குள் காலம் உருகி வழிவதை ராஜ் தன் தோலால் கேட்டான் என்றிருந்தது.

கடைசிச் சந்திப்பில் பழனிவேல் ஒரே ஓர் ஆசை சொன்னான்: வெஸ்லியோடு ஒரு செல்ஃபி. வெஸ்லி கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்தார். ஒரு படம் போதும், உன் வாழ்க்கை முடிந்தது என்றார். பழனிவேல் தலையாட்டினான். புரிந்துகொண்டான் என்று வெஸ்லி நம்பினார். நான் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். முழங்கை நினைவுக்கு வந்தது.

ஒப்பந்தம் முடிந்து வெஸ்லி எங்கள் பத்திரிகையை விட்டு விலகினார். புத்தகத்தின் ஒரு பகுதியை அமெரிக்க வாரப் பத்திரிகை ஒன்று முன்னதாக வெளியிட இருந்தது. அதற்கு முன் நியூயார்க்கிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தகவல் சரிபார்க்கும் பெண். குரலில் அவ்வளவு மரியாதை. அச்சாகப்போகும் வாக்கியத்தை வெளியாளுக்குப் படித்துக் காட்டக் கூடாது என்பது அவர்கள் விதியாம். ஆகவே கேள்விகள் மட்டும். பிஸ்கட் டப்பா நீலமா? நீலம். கிடங்கின் கதவு மேலே சுருளுமா, பக்கவாட்டில் நகருமா? மேலே சுருளும். தொழிலாளர் அறையில் ஜன்னலோரம் மேல் கட்டில் என்று ஒன்று உண்டா?

“உண்டு.”

“அங்கிருந்து கிரேன்கள் தெரியுமா?”

“தெரியும் என்று சொல்லக் கேட்டேன்.”

நன்றி என்றாள். அதில் யாராவது படுத்திருக்கிறார்களா என்பது அவளுடைய கேள்விகளில் இல்லை.

கட்டுரை வெளியாகும் வாரத்தில் வெஸ்லி எல்லை தாண்டி ஓமனின் மஸ்கட்டுக்குப் போய், அங்கே ரூவி பகுதியில் ஒரு சிறிய ஹோட்டலில் தங்கிக்கொண்டார். பாதுகாப்பு ஏற்பாடுகளில் தன்னையும் சேர்த்துக்கொண்டது நியாயம்தான். பழனிவேல் அதற்கு முன்பே கம்பெனி வைத்திருந்த பாஸ்போர்ட்டை விடுப்புக்காக வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தான்.

கட்டுரையும் ஃப்ளெக்ஸும் ஒரே நாளில் வந்தன.

ஃப்ளெக்ஸ் முதலில் வந்தது, வாட்ஸ்அப்பில். பழனிவேலின் ஊர் முனைப் பேருந்து நிறுத்தத்தில், லாரி உயரத்துக்கு நின்றது. நடுவில் மணமக்கள். தலைப்பு: இல்லறத்தில் இணையும் எங்கள் ஜெபல் அலி சிங்கம். கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகட்டி நிற்கும் அறை நண்பர்கள், எல்லார் பெயரோடும். மேலே இடப்பக்கம், தலைவர்கள் இருக்கவேண்டிய இடத்தில், அந்தக் கம்பெனியின் எம்.டி.; கம்பெனி காலண்டரிலிருந்து வெட்டியது. வலப்பக்கம் வெஸ்லி, எங்கள் பத்திரிகையில் அவருடைய வாராந்தரப் பத்தியின் மேலே வருமே, அந்தப் படம். கீழே ‘எங்கள் அமெரிக்க அண்ணன்’. அவருக்கு அருகே சற்றுச் சின்னதாக நான்: ‘தலைமை ஆசிரியர், துபாய்’. தொழில் வாழ்க்கையில் என்னைத் தலைமை ஆசிரியர் ஆக்கிய ஒரே அச்சு அதுதான்.

ஓடும் கார், பிஸ்கட் டப்பா, ராஜ் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டேன். ஊருக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம்.

“என்னப்பா இது?”

“எப்படி சார் இருக்கு? பொண்ணு வீட்டுல அசந்துட்டாங்க. செல்ஃபிதான வேணாம்னாரு. இது பேப்பர்ல வந்த படம் சார், உலகமே பாத்த படம்.”

வாதம் சரியாக இருந்தது. மணமகளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தேன்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மனிதவள மேலாளர் சபாபதி, திருநெல்வேலிக்காரர். ஒரு நடை வந்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். என் படமும் ஃப்ளெக்ஸில் இருக்கும்போது போகாமல் இருக்க முடியாது. ஜெபல் அலிக்குப் போனேன். சபாபதியின் கணினித் திரையில் ஒரு பாதியில் அமெரிக்கக் கட்டுரை, மறு பாதியில் ஃப்ளெக்ஸ்.

“வாங்க அண்ணாச்சி. தலைமை ஆசிரியர் ஆயிட்டீயளோ, சொல்லவே இல்ல?”

“ஊர்ல பதவி உயர்வு சீக்கிரம் வருது.”

டீ வந்தது. சபாபதி கட்டுரையைத் தொட்டுக் காட்டினார். “யாரோ ஒருத்தன் பேசியிருக்கான். எம்.டி. கொதிச்சுப் போயிருக்காரு. கம்பெனி பேரு போடல, ஆனா படிக்கிறவனுக்குத் தெரியாதா?”

நான் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். அவர் என் பார்வையைப் பார்த்துச் சிரித்தார்.

“பழனிவேலா? அவன் ஒரு கோமாளி அண்ணாச்சி. ரகசியம் பேசுதவன் எவனாவது ஃப்ளெக்ஸ் வைப்பானா? அவன் பேசியிருந்தான்னா, ‘அமெரிக்காவுக்குப் பேட்டி கொடுத்த அண்ணனே வருக’ன்னுல்லா அடிச்சிருப்பான். எங்க ஊர்ல காதுகுத்து ஃப்ளெக்ஸுல கிரிக்கெட் கேப்டன் படம் இருந்துச்சு. அவரு வந்தா காது குத்தினாரு? எம்.டி.கிட்ட காட்டினேன். தன் படத்தப் பாத்து மனுசனுக்கு ஒரே சந்தோசம். நியூஸ்லெட்டர்ல போடச் சொல்லிட்டாரு.”

எனக்கு மூச்சு வந்தது. வெஸ்லியின் ஏற்பாடுகளால் ஆகாததை ஒரு பேருந்து நிறுத்தம் செய்திருந்தது. டீயை எடுத்தேன்.

“ஆள் யாருன்னு கண்டுபிடிச்சாச்சு அண்ணாச்சி. அந்த ரூம்ல எல்லா மூஞ்சியும் ஃப்ளெக்ஸுல இருக்கு, ஒருத்தனத் தவிர. போட்டோவுக்கே பயந்து ஒளியுதான்னா என்ன அர்த்தம்? இதப் படிங்க.”

படித்தேன். ராஜுக்குக் கல்யாணம் இல்லை. ஊரில் தாயும் தம்பியும் மட்டும். ராஜ் தேநீர் குடிப்பதில்லை, வெந்நீர். ராஜ் ஜன்னலோர மேல் கட்டிலில் படுத்து, இருட்டில் நகரும் கிரேன்களைப் பார்க்கிறான். கட்டுரையின் அடியில் சாய்வெழுத்தில் ஒரு குறிப்பு: பேசியவரைப் பாதுகாக்கச் சில அடையாள விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

மாற்றப்பட்ட விவரங்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை. பழனிவேல் காரில் சொன்னதை வெஸ்லி வீணாக்கவில்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று மனத்துக்குள் கோடு போட்டுப் பார்த்தேன். இந்த வரிகளுக்கு அவர் வண்ணம் எதுவும் வைத்திருக்கவில்லை.

“ரத்தினம்னு ஒருத்தன். மயங்கி விழுந்தவனும் அவன்தான்” என்றார் சபாபதி. “வேற யாருக்கு அந்தக் கடுப்பு இருக்கும்?”

“இந்த அமெரிக்க எழுத்தாளர்கள் நாலு பேரை ஒரே ஆளா ஆக்கிருவாங்க. கட்டிலை வச்செல்லாம் முடிவு பண்ணாதீங்க. அது மாத்தின விவரம்னு கீழேயே போட்டிருக்கான்.”

“அது கேஸுக்குப் பயந்து எல்லாரும் போடுதது. அமெரிக்காக்காரன் பத்திரிகையில பொய் எழுதுவானா அண்ணாச்சி? ஜன்னல்ல கிரேன் தெரியும்னு எழுதியிருக்கான். நானே போய் ஏறிப் பாத்தேன். தெரியுது.”

“ரத்தினத்தக் கேட்டீங்களா?”

“கேட்டோம். ஒரு வார்த்த பேசமாட்டேங்கான். சும்மா நிக்கான். தப்பு செய்யாதவன் இல்லன்னு சொல்லுவாம்லா?”

ரத்தினம் பேசாதவன் என்பதை நான் சொன்னேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று சபாபதி கேட்டார். வெஸ்லியின் கேள்வி; விரலால் தொட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பழனிவேல் சொன்னான் என்பது ஒன்றுதான் அதற்குப் பதில். ஃப்ளெக்ஸ் காப்பாற்றிய சிங்கத்தை நானே காட்டிக்கொடுக்க முடியாது. அறை நண்பர்கள் எல்லாரும் சொல்வார்கள் என்றேன். முடிவெடுக்க இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு ரூவிக்குப் போனேன். ஹோட்டலின் கீழே உடுப்பிக் கடையில் வெஸ்லி மசால் தோசையின் உள்ளடக்கத்தைக் கவனமாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸைக் காட்டினேன். வெள்ளை முகம் இன்னும் வெளுத்தது. பிறகு பெரிதாக்கிப் பார்த்தார்.

“ராஜ் பாதுகாப்பாக இருக்கிறானா?”

“இருக்கிறான். நியூஸ்லெட்டரில் வரப்போகிறான். ரத்தினத்தை அனுப்பப் போகிறார்கள்.”

“ரத்தினம் யார்?”

சொன்னேன். கரண்டியை வைத்தார். கம்பெனிக்கு ஒரு வரி எழுதுங்கள், அந்தக் கட்டில்காரன் உங்களிடம் பேசியதே இல்லை என்று எழுதுங்கள், அது உண்மைதானே என்றேன்.

“முடியாது நாதன். அவன் இல்லை என்று நான் சொன்னால் அடுத்தவனைப் பிடிப்பார்கள். அவனும் இல்லை என்பேன். ஒவ்வொருவராகக் கழித்தால் கடைசியில் ராஜ் மட்டும் மிஞ்சுவான். பேசியவர் யார் என்பதைப் பற்றி ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. இதற்காகச் சிறைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.”

வாதத்தில் ஓட்டை தேடினேன். டெஸ்க்கில் எத்தனையோ ஆண்டு ஓட்டை தேடியே சம்பளம் வாங்கியவன். இல்லை.

“அந்தக் கட்டிலை ஏன் எடுத்தீர்கள்?”

“ராஜை மறைக்க. அதுதான் நடைமுறை.”

“அதில் ஓர் ஆள் படுத்திருந்தான்.”

வெஸ்லி தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு அவருடைய குரல் தாழ்ந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். நல்ல செய்தி கிடைக்கும்போது வருவது.

“அவனை நான் சந்திக்க முடியுமா? புத்தகத்தின் கடைசி அத்தியாயம் இன்னும் திறந்துதான் இருக்கிறது.”

நான் துபாய் திரும்பிக்கொண்டிருந்தபோது, எல்லைச் சாவடி வரிசையில் சபாபதியின் அழைப்பு வந்தது.

“முடிஞ்சுட்டு அண்ணாச்சி. காலையில ஃப்ளைட்டு ஏத்தி விட்டாச்சு. எம்.டி. நிக்கவே விடல. ஒரு சண்ட இல்ல, சத்தம் இல்ல. தம்பி விசா மனுவையும் திருப்பிக் குடுத்துட்டோம், வாங்கிக்கிட்டான். நல்ல பையன்தான் பாத்துக்கிடுங்க.”

விடுப்பு முடிந்து பழனிவேல் திரும்பி வந்தான். எனக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுவந்தான். காரில் ஏறும்போது பழக்கத்தில் பின்கதவைத் திறந்தவன், மூடிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“ரூம்ல ஒரே பெருமை சார். ‘ரத்தினம் இவ்வளவு பெரிய ஆளாடா, அமெரிக்காக்காரன்கிட்டயே பேசியிருக்கான்டா’ங்கறாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்னத்த சார் சொல்றது?”

அதிரச டப்பாவின் மூடியைத் திறந்து மூடினான். கொஞ்ச தூரம் போனதும், “நம்பர் வாங்கிப் பேசினேன் சார்” என்றான். “நான்தான்டா பேசினேன், உனக்காகத்தான்டா பேசினேன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“‘கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா’ன்னான்.”

வெஸ்லியின் புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது, பரிசும் வாங்கியது. நடுவர்கள் அதன் துல்லியத்தைப் பாராட்டியிருந்தார்கள். கடைசி அத்தியாயம் பெட்டி போய்ச் சேர்ந்த அமெரிக்க வீட்டைப் பற்றியது. கம்பெனி நியூஸ்லெட்டரில் ஃப்ளெக்ஸ் படம் வண்ணத்தில் வந்தது. பழனிவேல் மூன்று பிரதி வாங்கி வைத்திருந்தான்.

நியூஸ்லெட்டர் வந்த மாதமே கேம்ப்பில் அறைகளைச் சரிசெய்தார்கள். ஜன்னலோர மேல் கட்டில் பழனிவேலுக்குக் கிடைத்தது.